கனூவா, கயாக்கா, சம்பானா? முதல்முறை துடுப்பு பிடிப்பவர்களுக்கு

பாட்டியின் 70-ஆவது பிறந்தநாளுக்கு அவரை ஆற்றில் கூட்டிப்போக வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வாடகைக்குப் படகு விடுபவரைப் போனில் அழைத்து, “போட் வேணும், மூணு பேர்” என்றேன். “அடா, அடா” என்றார்; மலாயில் ‘இருக்கு, இருக்கு’. போய்ப் பார்த்தால் கரையில் மூன்று மஞ்சள் கயாக் கிடக்கின்றன. ஒரு ஓட்டைக்குள் காலை நீட்டி நுழைத்து, இடுப்பு வரை உள்ளே இறங்கி உட்கார வேண்டிய சாமான். பாட்டியோ முப்பது வருஷம் ரப்பர் மரம் சீவியவர். தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டும். அன்றைக்கு முழுக்க அவர் கரையிலேயே குடை பிடித்து நின்றார்.

படகுக்காரர் மேல் பிழையில்லை. நான் கேட்டது போட், அவர் கொடுத்ததும் போட். சொல் சரியாக இருந்திருந்தால் பாட்டி தண்ணீரில் இருந்திருப்பார். அதனால்தான் இந்த வழிகாட்டியைத் துடுப்பிலிருந்து தொடங்காமல் பெயரிலிருந்து தொடங்குகிறேன். சிறு படகுகளில் பெயர் தெரிந்தால் எப்படி உட்கார வேண்டும், கையில் எதைப் பிடிக்க வேண்டும், எந்தத் தண்ணீருக்குப் போகலாம் என்பதில் பாதி தெரிந்த மாதிரி.

எங்கள் ஊர் மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் இருக்கும் பெஸ்தாரி ஜெயா. பெரியவர்களுக்கு இன்றும் பத்தாங் பெர்ஜுந்தைதான். சிலாங்கூர் ஆறு பக்கத்தில் ஓடுகிறது; சுற்றிலும் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள்; நடுநடுவே ஈயம் தோண்டி விட்டுப்போன குட்டைகள். மலேசியாவில் வணிகத்துக்காக முதன்முதலில் செம்பனை நட்ட தோட்டம் இங்கேதான் இருக்கிறது, 1917-ல் நட்டார்கள். அதன் பெயர் தென்னமரம். பெயரில் தென்னை, தோட்டத்தில் செம்பனை. படகுப் பெயர்களிலும் இப்படி உண்டு. பெயரைக் கேட்டதோடு நிறுத்தாமல் பொருளையும் ஒருமுறை எட்டிப் பார்க்க வேண்டும்.

முதல் படி: எதில் ஏறப் போகிறீர்கள்?

மூன்று கேள்வி கேளுங்கள். மேலே திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா? உட்காரப் பலகை உண்டா, கால் நீட்ட வேண்டுமா? எதனால் நகர்கிறது?

மேலே திறந்திருக்கும், இரு முனையும் கூர்ந்திருக்கும், ஒரே முனையில் அலகுள்ள (அலகு என்பது தண்ணீரைத் தள்ளும் தட்டைப் பகுதி) துடுப்பை இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளுவீர்கள், முட்டி போட்டோ தாழ்வான இருக்கையிலோ உட்கார்வீர்கள் என்றால் அது கனூ. மலாயில் கானு. இந்தச் சொல் கரீபியத் தீவுகளில் வாழ்ந்த டைனோ மக்களுடையது. 1492-ல் கொலம்பஸ் அங்கே போனபிறகு ஸ்பானிய மொழி வழியாக உலகம் சுற்றியது. அவர்கள் ஒரே மரத்தைக் குடைந்து செய்தார்கள். நம் ஊரில் அதற்குச் சரியான சொல் தோணி.

மேலே மூடி, நடுவில் ஆள் நுழைய ஓட்டை, கால் முன்னால் நீட்டி இருக்கும், துடுப்புக்கு இரு முனையிலும் அலகு என்றால் கயாக். இது வடதுருவப் பக்கத்து இன்யூட் மக்களின் சொல். மரச் சட்டத்தின் மேல் கடல்நாய்த் தோலை இழுத்துப் போர்த்திக் கட்டினார்கள். அந்தக் காலத்தில் மூங்கில் சட்டத்தின் மேல் தோல் போர்த்திய நம் காவிரிப் பரிசலை நினைத்துக்கொள்ளுங்கள். பரிசல் வட்டம், கயாக் ஈட்டி. இப்போது மூடாத, மேலேயே உட்காரும் பிளாஸ்டிக் கயாக்கும் நிறைய வந்துவிட்டது. புதியவர்களுக்கு அதுதான் நல்லது, கவிழ்ந்தால் உள்ளே மாட்டிக்கொள்ளும் பயமில்லை. எங்கள் வட்டாரத்தில் பலர் கனூவையும் கயாக் என்றே சொல்கிறார்கள். வாடகைக்குக் கேட்கும்போது “கால் நீட்ட வேண்டுமா?” என்று கட்டாயம் கேளுங்கள்.

தட்டையான அடி, குறுக்கே பலகை இருக்கை, பின்னாலோ நடுவிலோ ஓட்டுபவர் இருந்தால் சம்பான். சீன மொழியில் மூன்று பலகை என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். கோலசிலாங்கூர் போகும் வழியில் கம்போங் குவாந்தானில் மின்மினி காட்டக் கூட்டிப்போவது இதில்தான், எஞ்சின் சத்தமில்லாமல், ஒரு சம்பானில் நாலே பேர். அடுத்த வாரம் பாட்டியை அங்கே அழைத்துப்போனேன். பலகை முழங்கால் உயரத்தில் இருந்தது. நாற்காலியில் உட்காருவதுபோல உட்கார்ந்தார். பெரம்பாங் மரங்கள் முழுக்க ஆயிரக்கணக்கான பூச்சிகள் ஒரே தாளத்தில் மின்னி அணைந்து மின்னின. துடுப்பு போட்ட பாக்சிக் (மலாய்ப் பெரியவரை அப்படித்தான் அழைப்போம்) ‘சம்பான்’ என்றார், பாட்டி கடைசி வரைக்கும் ‘தோணி’ என்றார். இருவரும் சொன்னது ஒன்றைத்தான்.

தமிழ்ச் சொற்களையும் ஒருமுறை பிரித்துப் பார்த்துவிடலாம், ஏனென்றால் நாம் எல்லாவற்றையும் படகு என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். படகு பொதுச்சொல். ஓடம் என்றால் ஆறு கடக்க ஆள் ஏற்றுவது. ஓடக்காரர் இருக்கும் இடம் ஓடத்துறை. பரிசல் ஒகேனக்கலில் சுற்றும் வட்டக் கூடை. தெப்பம், புணை இரண்டும் மரத்தையோ மூங்கிலையோ சேர்த்துக் கட்டிய மிதவை, மலாயில் ராக்கிட். வள்ளம் என்பார்கள் குமரிப் பக்கத்திலும் ஈழத்திலும். வத்தை என்பார்கள் இராமநாதபுரக் கரையில். தோணி சிறியது என்று நினைத்துவிட வேண்டாம்; தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சரக்கேற்றிப் பாய் விரித்துப் போன பெரிய மரக்கலத்துக்கும் தோணி என்றுதான் பெயர். கட்டுமரம் நம்மிடமிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். ஆனால் அவர்கள் இன்று அந்தப் பெயரில் சொல்வது இரட்டை உடல் கொண்ட படகை. நம்முடையதோ மரங்களைக் கயிற்றால் பிணைத்தது. விளம்பரத்தில் பார்த்து ஏமாற வேண்டாம்.

மலாய்க்காரர்களும் நம்மிடமிருந்து ஒன்றை எடுத்திருக்கிறார்கள். காப்பால் என்பது நம் கப்பல்தான். விமானத்துக்குக் காப்பால் தெர்பாங் என்கிறார்கள், பறக்கும் கப்பல். தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குபவரைத் தண்டல் என்கிறோமே, அதுவும் தண்ணீரிலிருந்து கரையேறிய சொல். தமிழ்க் கடற்கரையில் தோணியை நடத்தும் தலைவருக்குத் தண்டல், தண்டேல், தண்டையல் என்று பெயர். காலை ஐந்தரை மணிக்கு, ஆட்கள் கூடும் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்ட எத்தனை தண்டல்களுக்கு இது தெரிந்திருக்குமோ! எனக்குத் தெரிந்த நாளிலிருந்து அந்தச் சொல்லில் உப்புக்காற்று அடிக்கிறது.

இரண்டாம் படி: துடுப்பா, தண்டா?

இதில்தான் புதியவர்கள் அதிகம் குழம்புகிறார்கள். தமிழில் இப்போது இரண்டையும் துடுப்பு என்றே சொல்கிறோம். கையில் தாராளமாகப் பிடித்து, படகோடு எங்கும் பூட்டாமல், முன்னால் பார்த்து உட்கார்ந்து தள்ளுவது துடுப்பு. மலாயில் பெங்காயுஹ். படகின் விளிம்பில் ஒரு கொக்கியிலோ வளையத்திலோ பூட்டி, போகும் திசைக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, இரண்டு கையாலும் நெஞ்சை நோக்கி இழுப்பது தண்டு. அதனால்தான் தண்டு வலித்தல் என்றார்கள். வலித்தல் என்றால் இழுத்தல். ஏரிப் பூங்காக்களில் தண்டு வலிக்கும் படகில் முன்பக்கம் பார்த்து உட்கார்ந்துகொண்டு ஏன் நகரவில்லை என்று தவிக்கும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். சொல்லிலேயே விடை இருக்கிறது.

ஆழமில்லாத இடத்தில் அடியில் ஊன்றித் தள்ளும் கழி மூன்றாவது. மலாயில் காலா.

மூன்றாம் படி: எந்தத் தண்ணீர், எந்த நேரம்

ஈயக்குட்டையில் தனியாக இறங்காதீர்கள். பார்க்க அசையாமல் கண்ணாடி மாதிரி இருக்கும். கரை சட்டென்று செங்குத்தாக இறங்கும், கால் வைத்த மணல் சரியும், ஏறி வரப் பிடிப்பு இருக்காது. பயிற்சி தரும் ஆளும், கரையில் கயிறோடு நிற்கும் ஒருவரும் இருந்தால் மட்டும் போங்கள். தோட்டத்துக் குளத்திலும் பாரிட் எனும் வடிகாலிலும் இறங்க ஆபீஸில் அனுமதி கேளுங்கள். அது தனியார் நிலம், மருந்து அடித்த மறுநாள் அந்தத் தண்ணீரில் கை நனைக்கவும் கூடாது.

ஆறென்றால் மேற்கே மட்டும் பார்த்தால் போதாது. சிலாங்கூர் ஆறு கோலகுபு பாரு பக்கத்து மலைகளிலிருந்து இறங்கி வருகிறது. இங்கே வெயில் கொளுத்தும்போதே அங்கே கொட்டியிருக்கும். சில மணி நேரத்தில் தண்ணீர் மண்நிறமாகி, மட்டைகளும் கட்டைகளும் மிதந்து வரும். அப்படி வரத் தொடங்கினால் அன்றைக்குக் கரையேறிவிடுங்கள். மலையடிவார ஓடைகளில் இதுவே சட்டென்று சுவர் மாதிரி வரும், கெப்பாலா ஆயர் என்பார்கள்.

கடலை ஒட்டிய பகுதியில் ஓதம் உண்டு. சுமார் ஆறு மணி நேரம் ஏறும், ஆறு மணி நேரம் வற்றும், நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிஷம் தள்ளிப்போகும். அமாவாசையும் பௌர்ணமியும் ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் பெரிது. வீட்டில் சுவரில் தொங்கும் நாள்காட்டியில் அது அச்சடித்தே இருக்கிறது, சாமி கும்பிட மட்டும் என்று நினைக்காதீர்கள். வற்றும் நேரத்தில் வாய்க்காலுக்குள் போனால் சேற்றில் படகு உட்கார்ந்துவிடும், அடுத்த ஏற்றம் வரை நீங்களும் உட்கார வேண்டியதுதான். “ஆயர் பாசாங் புக்குல் பெராப்பா?” என்று கரையில் இருக்கும் பாக்சிக்கிடம் கேளுங்கள். தண்ணீர் எத்தனை மணிக்கு ஏறும் என்பது அதன் பொருள். இந்த ஒரு கேள்விக்கே உங்களை மதிப்பார்.

காலை எட்டிலிருந்து பத்தரை நல்ல நேரம். இந்தப் பக்கம் பிற்பகல் இடி அதிகம், அதிலும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும். இடி கேட்டால் கரை. முதலை எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் கையைத் தண்ணீருக்குள் தொங்கவிட வேண்டாம். காலில் வெட்டுக்காயம் இருந்தால் இறங்கவே வேண்டாம். எலிச் சிறுநீர்க் காய்ச்சல் இங்கே உண்மையான ஆபத்து. போய்வந்த சில நாளிலோ சில வாரத்திலோ காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், ஆற்றில் இறங்கியதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

நான்காம் படி: உடம்பில் என்ன, படகில் என்ன

மிதவைச் சட்டை இல்லாமல் ஏறாதீர்கள், நீச்சல் தெரிந்தாலும். மாட்டி, வாரை இறுக்கி, தோளருகே ஒருவரைப் பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்கள். காதுவரை ஏறினால் அது உங்கள் அளவு இல்லை. ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் கல். சப்பாத்தோ பின்வாருள்ள செருப்போ போடுங்கள். கழுத்தில் ஒரு விசில், தண்ணீர் இறைக்க அடி வெட்டிய எண்ணெய்ப் புட்டி, ஒரு கயிறு, போனுக்கு நீர்புகாப் பை. போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அவசரத்துக்கு 999.

ஐந்தாம் படி: ஏறுவது

கவிழ்வதில் பெரும்பாலானவை கரையிலேயே நடக்கின்றன. ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால் என்று மனசுக்குச் சொல்வார்கள். கனூவில் அது அப்படியே உடம்புக்குப் பொருந்தும். ஒரு கால் கரையில், ஒரு கால் படகில், இரண்டுக்கும் நடுவே தண்ணீர் விரிந்துகொண்டே போகும்.

நான் விழுந்த விதத்தைச் சொல்கிறேன். முதல் நாள், படகு கட்டும் துறையான ஜெட்டியிலிருந்து படகின் விளிம்பில் கால் வைத்தேன். விளிம்பு கைப்பிடி மாதிரி உறுதியாகத் தெரிந்தது. உடம்பின் பாரம் ஒரு ஓரத்தில் இறங்கியதும் மறு ஓரம் எழும்பியது, கண் மூடித் திறப்பதற்குள் சேற்றுத்தண்ணீர் மூக்கில்.

சரியான முறை இது. படகை ஜெட்டிக்கு இணையாக, முழுதும் தண்ணீரில் மிதக்கும்படி நிறுத்துங்கள். பாதி மண்ணில் ஏறியிருந்தால் அது ஊசலாடும். இன்னொருவர் விளிம்பைப் பிடித்துக்கொள்ளட்டும். துடுப்பை முதலில் உள்ளே வையுங்கள். குனிந்து இரு கையாலும் இரு விளிம்பையும் பிடியுங்கள். ஒரு காலைப் படகின் நடுக்கோட்டில், அடித்தளத்தில் வையுங்கள். பாரத்தை மெதுவாக அதற்கு மாற்றி மற்றக் காலைக் கொண்டுவாருங்கள். உடனே முட்டி போடுங்கள் அல்லது உட்காருங்கள். நிமிர்ந்து நின்று இடம் மாறாதீர்கள். பாரம் எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ அவ்வளவுக்குப் படகு உங்கள் பேச்சைக் கேட்கும். பின்னால் உட்கார்பவர் முதலில் ஏறினால் முன்னவர் ஏறும்போது அவர் பிடித்துக்கொள்ளலாம்.

ஆறாம் படி: தள்ளுவது

கனூத் துடுப்பின் மேல்முனையில் குறுக்குப் பிடி இருக்கும். ஒரு கை அதன் மேல், உள்ளங்கையால் மூடியபடி. மறுகை அலகுக்குச் சற்று மேலே. நின்று பார்த்தால் துடுப்பு உங்கள் மோவாய் உயரம் இருந்தால் தொடங்கப் போதும்.

முன்னால் எட்டி, கால் அருகே அலகை முழுதும் நேராக இறக்குங்கள். இடுப்பு வரை இழுங்கள். இடுப்பைத் தாண்டினால் வெளியே எடுங்கள். அதற்கு மேல் இழுப்பது தண்ணீரைத் தூக்கும், படகைத் திருப்பும், முன்னால் நகர்த்தாது. கையால் மட்டும் இழுத்தால் பத்து நிமிஷத்தில் தோள் கழன்றுவிடும். கரையிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்த பாட்டி சொன்னார், “மரம் சீவுறப்போ கத்தியக் கையால இழுத்தா பட்டை ஆழமா போய் மரம் காயப்படும்யா. உடம்போட சேர்ந்து நகரணும்.” அவர் தண்ணீரில் துடுப்பே பிடித்ததில்லை. ஆனால் அதுதான் முழுப் பாடமும்: இடுப்பிலிருந்து மேலுடம்பைத் திருப்புங்கள், கை துடுப்பைப் பிடித்திருந்தால் போதும்.

வலப்பக்கம் போட்டால் படகு இடப்பக்கம் திரும்பும். இருவர் இருந்தால் எதிரெதிர்ப் பக்கம், ஒரே தாளம்; முன்னவர் தாளம், பின்னவர் திசை. தனியாக இருந்தால் ஒவ்வொரு இழுப்பின் முடிவிலும் மேல்கைப் பெருவிரல் கீழே பார்க்கும்படி துடுப்பைத் திருகி, அலகை வெளிப்பக்கமாக லேசாகத் தள்ளுங்கள். படகு நேராகும். இது கைக்கு வர இரண்டு மூன்று காலைகள் ஆகும். நிறுத்த, பின்னிருந்து முன்னாகத் தள்ளுங்கள். கயாக்கில் இடம் வலம் மாற்றி மாற்றி. பிடியை இறுக்க வேண்டாம், விரலில் கொப்புளம் வரும்.

முதலில் நீரோட்டத்தை எதிர்த்துப் போங்கள். களைத்தபின் திரும்பும்போது ஆறே கொண்டுவந்து விடும்.

கவிழ்ந்தால்

படகை விடாதீர்கள். அது மிதக்கும், தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு உங்கள் தலையைவிட அதுதான் தெரியும். ஓடும் தண்ணீரில் படகுக்கு ஆறு போகும் பக்கம் நிற்காமல், ஆறு வரும் பக்கம் இருங்கள், இல்லையென்றால் கட்டைக்கும் படகுக்கும் நடுவே சிக்குவீர்கள். மல்லாந்து, கால்கள் ஆறு போகும் திசையைப் பார்க்க, பாதத்தைத் தண்ணீர் மட்டத்துக்கு உயர்த்திக்கொள்ளுங்கள். முழங்கால் ஆழம் என்று எழுந்து நிற்காதீர்கள். அடியில் வேரிலோ கல்லிலோ பாதம் மாட்டினால் ஓட்டம் உங்களைச் சாய்த்துவிடும். மூடிய கயாக்கில் போவதற்கு முன், ஆழமில்லாத இடத்தில் பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க, வேண்டுமென்றே கவிழ்ந்து வெளியே வந்து பாருங்கள். அது தெரியாமல் நடு ஆற்றுக்குப் போகவே கூடாது.

2021 டிசம்பரில் சிலாங்கூரை வெள்ளம் அடித்தபோது, கூரைமேல் இருந்தவர்களை மீட்டுக் கொண்டுவந்தது படகும் கயாக்கும்தான். ஒவ்வொரு தோட்டத்து ஊரிலும் நாலைந்து பேருக்காவது இந்த ஏறும் முறையும் கவிழ்ந்தால் செய்வதும் கைவர வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது அதனால்தான்.

கரைக்கு வந்தபின்

ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும் என்பார்கள். ஏற்றும்போது குப்புறக் கவிழ்த்து, இரண்டு இடத்தில் குறுக்கேயும், முன்முனையிலும் பின்முனையிலும் ஒவ்வொன்றுமாகக் கயிறு கட்டுங்கள். முன்முனைக்கு அணியம் என்று அழகான சொல் இருக்கிறது, பழகிக்கொள்ளுங்கள்.

நல்ல தண்ணீரில் கழுவுங்கள், உள்பக்கமும். மரப்படகை வெயிலில் போடாதீர்கள், பலகை பிளக்கும்; நிழலில் காற்றோட்டமாக வையுங்கள். பலகை இடுக்கில் ஒழுக்கு இருந்தால் நாரும் பிசினும் வைத்து அடைப்பார்கள், அந்த வேலைக்குக் கலப்பத்து என்று பெயர். மலாய்த் தச்சர்கள் டாமார்ப் பிசினும் கெலாம் மரப்பட்டையும் வைப்பார்கள். பிளாஸ்டிக் என்றால் விரிசல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள், போதும்.

தரையில் நேராகக் கிடத்தாமல் இரண்டு கட்டைமேல் கவிழ்த்து வையுங்கள். அடுத்த முறை எடுக்கும்போது உங்கள் பக்கத்து விளிம்பைத் தூக்க வேண்டாம். கையை எட்டி மறுபக்க விளிம்பைப் பிடித்து உங்களை நோக்கித் தூக்குங்கள். அடியில் பாம்போ பூரானோ ஒதுங்கியிருந்தால் அது எதிர்ப்பக்கம் ஓடும், உங்களுக்கும் அதற்கும் நடுவே படகு நிற்கும்.